பின்னால் வருகிறவரை முன்னால் விடுங்கள்

அன்புள்ள அக்கா,

உச்சிப்புளியிலிருந்து எழுதுகிறேன். என் அண்ணன் ராணுவத்தில் இருந்தவர். கண்ணிவெடியில் இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. செயற்கைக் கால் வைத்து நன்றாகவே நடக்கிறார், ஆனால் வீட்டை விட்டு வெளியே வருவதில்லை. எங்கள் சைக்கிள் குழுவில் பேசி, அண்ணனையும் அவருக்குத் தெரிந்த இன்னும் 3 முன்னாள் படைவீரர்களையும் அழைத்துக்கொண்டு தொண்டியிலிருந்து தனுஷ்கோடி அரிச்சல்முனை வரை ஓட்டிப் போவதாக முடிவு செய்திருக்கிறோம். மூவரில் ஒருவருக்கு வலது கால் தொடையோடு இல்லை. ஒருவருக்குத் தண்டுவடக் காயம், இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. இன்னொருவர் குண்டுவெடிப்பில் ஒரு காது கேட்காமல் போனவர், இரவில் தூங்குவதில்லை. ஜூலை 26, கார்கில் வெற்றி நாளன்று ஒரே நாளில் முடிக்கத் திட்டம். ராமநாதபுரத்தில் வேட்டு, மேளம், பொன்னாடை என்று வரவேற்பும் ஏற்பாடாகிறது. கியர் சைக்கிள் வாங்க வேண்டுமா, சாதா சைக்கிளே போதுமா? ஒரு டாக்டரிடம் சொன்னபோது "இதெல்லாம் ஒரு வைத்தியமா" என்று சிரித்துவிட்டார். உங்கள் கருத்து என்ன?

அன்புள்ள தம்பி,

அண்ணனுக்காக இவ்வளவு பேரைத் திரட்டியிருக்கிறீர்கள். அதற்காகவே உங்கள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். கூட்டமாக ஓட்டுவது ஒருவரை எப்படித் தேற்றுகிறது, எப்படி நோகடிக்கிறது என்பதைப் பற்றி எழுத நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் உங்கள் கடிதம் வந்தது. அதனால் கொஞ்சம் நீளமாகவும், சில இடங்களில் கோபமாகவும் எழுதுகிறேன்.

டாக்டர் சிரித்ததை விடுங்கள். சைக்கிள் ஓட்டுவது மருந்துக்கும் மனநல சிகிச்சைக்கும் மாற்று இல்லை என்று அவர் சொல்லியிருந்தால் அது சரி. ஆனால் காயம்பட்ட வீரர்களுக்கு விளையாட்டு ஒரு சிகிச்சை என்பது நேற்று கண்டுபிடித்த விஷயமில்லை. லண்டன் ஒலிம்பிக் தொடங்கிய 1948 ஜூலை 29 அன்றே, லுட்விக் குட்மன் என்ற மருத்துவர் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடம் அடிபட்ட 16 படையினருக்கு வில்வித்தைப் போட்டி நடத்தினார். பாராலிம்பிக் அங்கிருந்து வந்ததுதான். 1965 போரில் குண்டடிபட்ட நம் முரளிகாந்த் பேட்கர் 1972-ல் ஹைடல்பர்க்கில் நீச்சலில் தங்கம் வாங்கினார். 2004-ல் அமெரிக்காவில், காயம்பட்ட வீரர்களுக்குப் பணம் திரட்டுவதற்காக ஒருவர் நாட்டின் குறுக்கே சைக்கிளில் போனார். அடுத்த ஆண்டு அந்த வீரர்களே கூட ஓட்ட வந்துவிட்டார்கள். வீரர்களுக்காக ஓட்டுவதா, வீரர்களோடு ஓட்டுவதா, உங்கள் திட்டம் இதில் எந்தப் பக்கம் நிற்கிறது என்று யோசியுங்கள். கடிதத்தில் அண்ணனின் காலைப் பற்றி இருக்கிறது, வரவேற்பைப் பற்றி இருக்கிறது. இந்தப் பயணத்தைப் பற்றி அண்ணன் என்ன சொன்னார் என்று ஒரு வரி இல்லை. அவரிடம் கேட்டீர்களா?

வேட்டு விஷயத்தை இப்போதே முடித்துவிடுகிறேன். குண்டுவெடிப்பில் காது போனவரை, தூக்கம் தொலைத்தவரை அழைத்து வந்து அவர் தலைக்குப் பக்கத்தில் அதிர்வேட்டு போடப் போகிறீர்களா? ஒரு நிமிடமாவது யோசித்தீர்களா, தம்பி? வேட்டு கூடாது. சரவெடி கூடாது. பின்னால் வரும் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டே வரக் கூடாது, நான்கு பக்க விளக்கைப் போட்டுக்கொண்டு வந்தால் போதும். யாராவது பாசத்தில் வெடித்துவிடுவார்கள் என்ற சந்தேகம் இருந்தால் ஊருக்குள் நுழையாமல் போய்விடுங்கள்.

தேதியும் தவறு. ஜூலையில் அந்தக் கரையில் கச்சான் காற்று தென்மேற்கிலிருந்து அடிக்கும். தொண்டியிலிருந்து ராமநாதபுரம் வரை தெற்கே இறங்கும் பாதையில் அது முகத்தில் அடிக்கும், பாம்பன் பாலத்தில் வலது பக்கத்திலிருந்து தள்ளும். லாரி ஒன்று கடந்து போகும் நொடியில் காற்று மறைந்து, மறுநொடி திரும்ப அறையும். ஒரு கால் பலத்தில் வண்டியை நிமிர்த்திப் பிடிப்பவருக்கு அந்த இரண்டாவது அறைதான் ஆபத்து. பொங்கல் முடிந்து ஜனவரிக் கடைசி, பிப்ரவரி நல்லது. மழை நின்றிருக்கும், வாடை முதுகைத் தள்ளிக்கொடுக்கும், வெயிலும் தாங்கும். 120 கிலோமீட்டரை நான்கு நாளாக்குங்கள்: தொண்டி முதல் தேவிபட்டினம், அங்கிருந்து உச்சிப்புளி, மூன்றாம் நாள் பாம்பன் வழியே ராமேஸ்வரம், நான்காம் நாள் அரிச்சல்முனை. எந்த நாளும் 40-ஐத் தாண்டாது. இரண்டாம் நாள் இரவு அண்ணன் தன் வீட்டிலேயே படுக்கலாம்.

இப்போது எனக்கு முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் குழு ஞாயிற்றுக்கிழமைகளில் எப்படி ஓட்டும் என்று ஊகிக்க முடிகிறது. வேகமானவர்கள் முன்னால், புதியவர்கள் நடுவில், மெதுவானவர்கள் கடைசியில், அவர்களுக்குப் பின்னால் துணை வண்டி. இதே வரிசையில் இந்த நால்வரையும் கடைசியில் விட்டீர்களானால் என்ன நடக்கும் தெரியுமா? ஒரு வேகத்தடை வருகிறது. முதல் ஆள் வேகம் குறைத்து, தாண்டி, மறுபடி மிதிக்கிறார். அவர் மிதிக்கத் தொடங்கும்போது கடைசி ஆள் தடைக்கே வந்திருக்க மாட்டார். அவர் தாண்டும்போது முன்னால் 30 மீட்டர் இடைவெளி. அதை அடைக்க எல்லோரையும்விட வேகமாக மிதிக்க வேண்டியவர், எல்லோரையும்விட பலம் குறைந்தவர். ஒவ்வொரு வளைவிலும், ஒவ்வொரு செக்போஸ்ட்டிலும் இதேதான். பிறகு டீக்கடை. முதலில் வந்தவர்கள் 10 நிமிடம் உட்கார்ந்து டீ குடித்து முடிக்கும்போது கடைசி ஆள் வந்து சேருவார். "வந்துட்டாரு, கிளம்புவோம்" என்பார்கள். ஓய்வு தேவைப்பட்டவருக்கு மட்டும் ஓய்வு இல்லை. மூன்று மணி நேரத்தில் அவர் துணை வண்டியில் ஏறிவிடுவார். ஏறும்போது யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள், அன்பாகத்தான் ஏற்றுவார்கள். அந்த மனிதர் அடுத்த நாள் காலையில் வர மாட்டார், தம்பி. உங்கள் அண்ணனை வீட்டுக்குள் இருத்தி வைத்திருப்பதே "நான் மற்றவர்களுக்குப் பாரம்" என்ற எண்ணமாக இருந்தால், அதை நீங்கள் 120 கிலோமீட்டர் நீளத்துக்கு நிரூபித்துக் காட்டியிருப்பீர்கள்.

ஆகவே வரிசையைத் திருப்புங்கள். மிக மெதுவானவர் முதலில். உங்கள் நால்வரில் அது பெரும்பாலும் தண்டுவடக் காயம்பட்டவராக, அதாவது கையால் சுற்றி ஓட்டும் ஹேண்ட்சைக்கிள்காரராக இருக்கும். சமதளத்தில் புதியவர் மணிக்கு 10 முதல் 14 கிலோமீட்டர் போவார். அவர்தான் தலைவர். எப்போது கிளம்புவது, எப்போது நிற்பது என்று சொல்பவர் அவர். ஓய்வு நேரம் கடைசி ஆள் வந்து நின்ற பிறகே எண்ணத் தொடங்கும். எதிர்காற்றில் மட்டும் பலமான இருவர் அவருக்கு முன்னால் போய்க் காற்றை மறைக்கலாம். அப்போதும் வேகத்தைச் சொல்வது பின்னால் இருக்கும் அவரே. "குறை", "சரி" என்ற இரண்டு சொல் போதும். பாம்பன் பாலத்தின் ஏற்றத்தில் அவர் வேகம் பாதியாகும், இறக்கத்தில் மற்ற எல்லோரையும் விட்டுவிட்டு ஓடும். இரண்டையும் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். வண்டி தரையோடு தாழ்ந்திருப்பதால் பஸ் டிரைவருக்குத் தெரியாது, தலைக்கு மேலே உயரும்படி ஒரு கொடி கட்டாமல் அதைச் சாலையில் இறக்கக் கூடாது. அரிச்சல்முனைச் சாலையில் மணல் ஏறிக் கிடக்கும் இடங்களில் முன்சக்கரம் இழுக்கும் ஹேண்ட்சைக்கிள் நின்ற இடத்திலேயே சுற்றும். பின்னாலிருந்து ஒருவர் தள்ளலாம், அவர் கேட்டால் மட்டும்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை இருக்கட்டும். காது கேட்காதவர் சத்தத்தை நம்பியிருக்க முடியாது என்பதால் குழு முழுவதும் கைச் சைகையில் பேசப் பழகுங்கள். அந்தச் சைகைகளை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர் அவராகவே இருக்கட்டும். தூக்கம் வராதவர்தானே என்று அவருக்கு இரவுக் காவல் கொடுத்துவிடாதீர்கள். அவருக்குத் தேவை உடம்பு களைத்து, நேரத்துக்குச் சாப்பிட்டு, வெளிச்சம் அணைந்த அறையில் படுப்பது. பஞ்சர் பார்ப்பது அண்ணனின் வேலையாகட்டும். அந்த வேலை அந்தப் பாதையில் குறையாது. சாலையோரமெல்லாம் சீமைக்கருவேல முள். டியூபை மாற்றிவிட்டு டயருக்குள் ஒடிந்து நிற்கும் முனையை எடுக்காமல் விட்டால் அரைமணியில் மறுபடி காற்று இறங்கும். டயரின் உட்பக்கம் முழுக்கத் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணி சிக்கும் இடத்தில் முள் இருக்கும்.

அண்ணனின் காலுக்கு வருகிறேன். கியரா, சாதாவா என்பதைவிட முக்கியம், இடது பக்கக் கிராங்க்கின், அதாவது மிதியைத் தாங்கும் தண்டின் நீளம். செயற்கைக் காலில் மீதிக் கால் நுழையும் கிண்ணமான சாக்கெட்டுக்குப் பின்விளிம்பு உண்டு. மிதி மேலே வரும்போது முழங்கால் நன்றாக மடங்கும், அந்த விளிம்பு தொடையின் பின்தசையில் குத்தும். 170 மில்லிமீட்டர் கிராங்க்கை அந்தப் பக்கம் மட்டும் 150-ஆகக் குறைத்தால் மடக்கு குறையும். சாதா சைக்கிளில் 'காட்டர் பின்' என்ற ஆணி அடித்துப் பொருத்திய கிராங்க்கில் இதற்கு வழி குறைவு. அதனால்தான் கியர் சைக்கிள் என்கிறேன். டயர் 32 மில்லிமீட்டராவது இருக்கட்டும். பின்விளிம்பைக் கொஞ்சம் தாழ்த்தித் தர முடியுமா என்று கால் செய்து தந்தவரிடமே கேளுங்கள், வீட்டில் அரம் வைத்துத் தேய்க்காதீர்கள். காலணியைப் பூட்டிக்கொள்ளும் மிதியை அந்தப் பக்கம் போட வேண்டாம். பூட்டியிருக்கிறதா விடுபட்டதா என்று அந்தக் கால் சொல்லாது.

இன்னொன்று. இடது கால் இல்லாதவர் நிற்கும்போது வலது காலை ஊன்றுவார். அதாவது நம் சாலையில் வண்டி போகும் பக்கம் சாய்ந்து நிற்பார். இதைக் கவனிக்காத குழுக்களே அதிகம். தார்ச்சாலையை விட்டு முழுவதும் இறங்கிய பிறகே அவர் நிற்க வேண்டும், அவருக்கு வலப்புறம் ஒருவர் எப்போதும் கூட வர வேண்டும். தொடையோடு கால் இல்லாத நண்பர் பலரைப் போலச் செயற்கைக் காலைக் கழற்றி வைத்துவிட்டு ஒரே காலால் ஓட்டலாம். அந்தக் காலுக்கு மட்டும் பூட்டும் மிதி வேண்டும், அப்போதுதான் மேலே வரும்போதும் இழுக்க முடியும். ஊன்றுகோலைத் துணை வண்டியில் அடியில் போட்டுவிடாதீர்கள். அவர் நிற்கிற இடத்தில் அது கைக்கு வர வேண்டும்.

40 நிமிடத்துக்கு ஒருமுறை நிற்க வேண்டும். சாக்கெட்டுக்குள் காலில் மாட்டும் சிலிக்கோன் உறையான லைனருக்குள் வியர்வை தேங்கினால் ஸ்டம்ப், அதாவது மீந்திருக்கும் கால், வழுக்கி, தோல் உரியும். லைனரைக் கழற்றி, துடைத்து, காய்ந்த இன்னொன்றை மாட்ட வேண்டும். இரண்டு லைனர் இல்லாமல் கிளம்ப வேண்டாம். நாள் போகப்போக ஸ்டம்ப் சற்றுச் சுருங்கும், சாக்கெட்டுக்குள் கீழே இறங்கும். ஒரு சாக்ஸ் கூடுதலாகப் போட்டால் சரியாகும். கழற்றும்போது தெரியும் சிவப்பு 20 நிமிடத்தில் மறையவில்லை என்றால் அன்றைக்கு ஓட்டம் முடிந்தது. கொப்புளத்துக்கு மேல் பிளாஸ்திரி ஒட்டி ஓட்ட அனுமதிக்காதீர்கள், அவர் எவ்வளவு கெஞ்சினாலும். கெஞ்சுவார். படையில் வலியை மறைக்கப் பழகியவர்கள்.

தண்டுவடக் காயம் உள்ளவருக்கு அந்த வலியே தெரியாது. அதனால் 15 நிமிடத்துக்கு ஒருமுறை கையை ஊன்றி இடுப்பைத் தூக்கியோ சாய்ந்தோ அழுத்தத்தை எடுக்க வேண்டும். இரவில் கண்ணாடி வைத்துப் பின்புறத் தோலைப் பார்க்க வேண்டும். காயம் எந்த மட்டத்தில் என்று நீங்கள் எழுதவில்லை. மார்புப் பகுதியின் 6-வது முள்ளெலும்பிலோ அதற்கு மேலோ என்றால் இரண்டு ஆபத்து. உடம்பின் பெரும்பகுதி வியர்க்காது, வெயிலில் சூடு ஏறிக்கொண்டே போகும். குடிக்கத் தண்ணீர் மட்டும் போதாது, மேலே தெளிக்கவும் வேண்டும். இரண்டாவது, சிறுநீர்க் குழாய் மடங்கி அடைத்தாலே ரத்த அழுத்தம் திடீரென்று ஏறும். தலை பிளக்கும் வலி, முகம் சிவத்தல். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாயின் மடிப்பை எடுங்கள். குறையவில்லை என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. துணை வண்டி ஓட்டுபவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும். அவர் உறவுக்காரர் பையன், சும்மா வருகிறேன் என்றான் என்று அழைத்துப் போகாதீர்கள்.

மாலையில் சைக்கிள்களை நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்று ஒரே இரவில் துரு ஏற்றும். செயற்கைக் காலின் இரும்பு இணைப்புகளையும் ஈரத்துணியால் துடையுங்கள். அவற்றின் திருகுகளுக்கு நேராகப் பெயிண்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகியிருந்தால் திருகு தளர்ந்திருக்கிறது என்று காலையிலேயே தெரியும்.

பணக் கணக்கை இப்போது பேச வேண்டாம். முதலில் உச்சிப்புளியிலிருந்து அரியமான் கடற்கரை வரை அண்ணனோடு இருவர் மட்டும் போய்த் திரும்புங்கள், காலை வெயில் ஏறுமுன். அடுத்த வாரம் மற்ற மூவரும். ஆறு வாரம் இப்படி ஓட்டிய பிறகு, லைனரைக் கழற்றும்போது சிவப்பு எங்கே விழுகிறது, எவ்வளவு நேரத்தில் மறைகிறது என்று எழுதுங்கள். கிராங்க்கை இன்னும் குறைக்க வேண்டுமா என்று அதை வைத்துத்தான் சொல்ல முடியும்.

அன்புடன்,
அக்கா