ரத்தக்குழாய் நோயும் எலும்பு மஜ்ஜையும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: ரத்தக்குழாய் அடைப்பு இருப்பது காலில். இடுப்பெலும்பு மஜ்ஜைக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

பதில்: வலி காலில்தான், நோய் உடம்பு முழுவதும். ரத்த ஓட்டமின்றி கால் பறிபோகும் நிலைக்கு வந்தவர்களின் மஜ்ஜையைச் சோதித்தபோது, குழாய்களைச் செப்பனிட உதவும் முன்னோடி செல்கள் குறைந்திருந்தன, அழற்சி கூடியிருந்தது. சர்க்கரை நோயும் சேர்ந்தால் மஜ்ஜையின் நுண்குழாய்கள் அருகி, கொழுப்பு மிகுகிறது.

கேள்வி: கால் அடைப்புள்ள அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 9. மஜ்ஜை கெட்டுவிட்டதா?

பதில்: கடிதத்தில் வயது இல்லை, மாத்திரைப் பட்டியல் இல்லை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு இல்லை. ஒற்றை எண்ணை வைத்து என்ன சொல்வது? ஆஸ்பிரினால் வயிற்றில் ரத்தக்கசிவு, சிறுநீரகக் கோளாறு, இரும்புச்சத்துக் குறைவு, ஆறாத புண்ணின் அழற்சி ஆகியவற்றை முதலில் பாருங்கள். அதற்காக ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி: சொந்த மஜ்ஜையிலிருந்து, புதிய செல்களை உருவாக்கும் ஸ்டெம் செல்லை எடுத்துச் செலுத்தினால் காலை வெட்ட வேண்டாம் என்கிறார்கள். பெருந்தொகை கேட்கிறார்கள். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். மாதந்தோறும் இதே கடிதம் வருகிறது, மாதந்தோறும் கோபமும் வருகிறது. 2002இல் ஜப்பானில் நடந்த சிறிய ஆய்வு நம்பிக்கை தந்தது உண்மை. ஆனால் 2015இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் சுமார் 160 பேரில் ஒரு பாதிக்கு மஜ்ஜை செல்களையும் மறுபாதிக்குப் போலி மருந்தையும் தமனி வழியே செலுத்தினார்கள். ஆறு மாதத்தில் கால் இழந்தவர்கள் விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வலி இரு தரப்பிலும் குறைந்தது. போலி மருந்து பெற்றவருக்கும் வலி குறையும் நோயில், “எனக்குக் குணமானது” என்ற ஒருவர் சாட்சியம் எதற்கு உதவும்? மேலே சொன்னதையும் நினையுங்கள்: முன்னோடி செல்கள் குறைந்துபோன அதே மஜ்ஜையிலிருந்துதான் மருந்தையும் எடுக்கிறார்கள். எனக்கு இதைவிடப் பெரிய கவலை, வீணாகும் நாட்கள். ஆஞ்சியோபிளாஸ்டியோ பைபாஸோ செய்யக்கூடிய கால், ஊசிக்குக் காத்திருந்து கறுத்துப்போகிறது. ரத்தக்குழாய் அறுவை நிபுணரை இந்த வாரமே பாருங்கள். ஆராய்ச்சி என்று சொல்லிப் பணம் கேட்கும் இடத்தைச் சந்தேகியுங்கள்.

கேள்வி: அடைப்பு உள்ள எல்லோரும் மஜ்ஜைப் பரிசோதனை செய்ய வேண்டுமா?

பதில்: வேண்டாம். ரத்த அணுக்களில் விளக்க முடியாத மாற்றம் இருந்தால் மட்டும்.

கேள்வி: மஜ்ஜைக் கோளாறு ரத்தக்குழாயைக் கெடுக்குமா?

பதில்: கெடுக்கும். வயதாகும்போது டெட்2 போன்ற மரபணுக்கள் மாறிய ரத்த ஸ்டெம் செல்கள் சிலருக்குப் பெருகுகின்றன. அவர்களுக்கு இதயத் தமனி நோய் வாய்ப்பு ஏறக்குறைய இரு மடங்கு என்று 2017இல் தெரியவந்தது. புகைப்பவர்களிடம் இம்மாற்றம் அதிகம். ஆகவே மறுபடியும்: புகையை நிறுத்துங்கள், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாடின் மாத்திரையை விடாதீர்கள்.