கேள்வி – பதில்: பார்ட் நம்பர் ஏன் மாறவில்லை?

(அம்பத்தூர், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் உதிரிபாகத் தொழிற்சாலைகளில் தரக் கட்டுப்பாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் பதில் சொல்கிறார். இந்த இதழில் கார் நிறுவனங்களின் நாணயம் பற்றி.)

கேள்வி: கார் கம்பெனி ஏதாவது தப்பில் மாட்டினால் உடனே, "கீழே யாரோ செய்தது, மேலிடத்துக்குத் தெரியாது" என்கிறார்கள். நம்பலாமா சார்? – திருப்பூர் வாசகர்

தெரியாது என்பது பல சமயம் நிஜம்தான். தெரிந்துகொள்ளாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டார்கள் என்று விசாரிக்க வேண்டும்.

ஜெனரல் மோட்டார்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஷெவர்லே கோபால்ட், சாட்டர்ன் அயான் என்று அமெரிக்காவில் விற்ற சின்ன கார்கள். சாவி போடுகிற இக்னிஷன் சுவிட்சுக்குள் ஒரு ஸ்பிரிங்கும், அது தள்ளிப் பிடிக்கிற பிளஞ்சர் என்ற சின்ன முளையும் இருக்கும். சாவியை 'ரன்' நிலையில் பிடித்து நிறுத்துவது அவைதான். அந்தப் பிடி டிராயிங்கில் கேட்டதைவிட ரொம்பத் தளர்வு. தெரிந்தே 2002-இல் ஓகே செய்துவிட்டார்கள். சாவிக்கொத்து கனமாகத் தொங்கினாலோ, முழங்கால் இடித்தாலோ, ரோட்டுப் பள்ளத்தில் குலுங்கினாலோ சாவி ஒரு படி பின்னால் நழுவிவிடும். ஓடுகிற வண்டியில் இன்ஜின் அணையும், பவர் ஸ்டீயரிங் போகும். அந்த நிலையில் மோதினால் ஏர்பேக்கும் விரியாது. 2005-இல் டீலர்களுக்கு ஒரு சுற்றறிக்கை போயிற்று: சாவிக்கொத்தில் கனமான சாமான் மாட்ட வேண்டாம் என்று வாடிக்கையாளரிடம் சொல்லுங்கள். அவ்வளவுதான் வைத்தியம்.

என்னை உலுக்கிய இடம் இதற்கு அடுத்தது. 2006-இல் அந்தப் பிளஞ்சரை நீளமாக்க ஓசைப்படாமல் கையெழுத்தாகிறது. சுவிட்ச் சரியாகிவிட்டது. ஆனால் அந்தப் பாகத்தின் அடையாள எண்ணான பார்ட் நம்பரை மாற்றவில்லை!

வெளியாளுக்கு இது சாதாரணமாகத் தெரியலாம். நாங்கள் ஒரு ஸ்பிரிங்கின் கம்பித் தடிமனைத் தொட்டாலே டிராயிங்கில் ரிவிஷன் ஏறும். பழைய ஸ்டாக்குக்குச் சிவப்பு டேக் கட்டி ஓரம் கட்டுவோம். புது லாட்டின் முதல் டப்பாவில் அட்டை ஒட்டுவோம். நாளைக்கு ஒரு புகார் வந்தால் எந்தத் தேதி வரை பழசு, எப்போதிலிருந்து புதுசு என்று சொல்ல வேண்டாமா? நம்பர் மாறாததால், பிற்பாடு விபத்துகளை ஆராய்ந்த அதே கம்பெனிக்காரர்களே குழம்பிப்போனார்கள். 2007 மாடல் வரை பிரச்சினை, அப்புறம் குறைகிறது, ஆனால் பாகம் ஒன்றுதானே என்று வருடக்கணக்கில் தலையைச் சொறிந்தார்கள்.

முடிச்சை அவிழ்த்தது வெளியாள். இறந்துபோன ஒரு பெண்ணின் குடும்பம் போட்ட வழக்கில், அவர்கள் தரப்பு இன்ஜினியர் டீலர் கடையில் காசு கொடுத்துப் புது சுவிட்ச் வாங்கி, பழையதோடு பிரித்துப் பார்த்தார். பிளஞ்சரில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம். 2013 ஏப்ரலிலேயே இது கம்பெனிக்குத் தெரியும். ரீகால், அதாவது விற்ற கார்களைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது, வந்தது 2014 பிப்ரவரியில். போகப் போக அது 26 லட்சம் கார்கள் ஆனது. இழப்பீட்டு நிதி ஏற்றுக்கொண்ட சாவுகள் 124. மாற்று சுவிட்சின் விலை 57 சென்ட் என்று அமெரிக்க நாடாளுமன்ற விசாரணையில் பேசப்பட்டது.

கம்பெனியே நியமித்த வழக்கறிஞர் ஆன்டன் வலுகாஸ் எழுதிய அறிக்கையில் இரண்டு பழக்கங்கள் வருகின்றன. ஒன்று 'ஜிஎம் தலையாட்டல்': மீட்டிங்கில் எல்லோரும் "ஆமாம், செய்யலாம்" என்று தலையாட்டிவிட்டு, வெளியே வந்ததும் ஒருவரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். மற்றது 'ஜிஎம் சல்யூட்': கைகளைக் குறுக்கே கட்டி, விரலை அடுத்தவர்களை நோக்கி நீட்டுவது. நம் ஊர் ஆபீஸ்களில் சல்யூட் வகுப்பே நடத்துவார்கள், போங்கள். 15 பேரை வேலையை விட்டு அனுப்பினார்கள். 2015-இல் 90 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டார்கள். தனி நபர் ஒருவர் மீதும் குற்ற வழக்கு இல்லை.

கேள்வி: ஃபோக்ஸ்வாகன் புகை மோசடி உலகம் அறிந்தது. இந்தியாவில் அந்த மாதிரி நடந்ததுண்டா? – கரூர் வாசகர்

உண்டு, அதுவும் 2015-இல் ஃபோக்ஸ்வாகன் மாட்டுவதற்கு இரண்டு வருடம் முன்னாலேயே. கல்யாணத்துக்கும் பழனிக்கும் ஆள் ஏற்றிக்கொண்டு போன ஷெவர்லே டவேராதான். 2005 முதல் 2013 வரை தயாரான 1.14 லட்சம் வண்டிகளை ஜெனரல் மோட்டார்ஸ் இந்தியா 2013 ஜூலையில் திரும்ப அழைத்தது. மாசு சோதனையில் தேறுவதற்கென்றே தேர்ந்தெடுத்த இன்ஜின்களைச் சோதனை வண்டியில் மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். ஃபோக்ஸ்வாகனில், சோதனை நடக்கும்போது மட்டும் புகையைக் குறைத்துக் காட்ட சாஃப்ட்வேர் செய்த வேலையை இங்கே ஸ்பேனரால் முடித்திருக்கிறார்கள். உலக அளவில் இன்ஜின் பிரிவைப் பார்த்த துணைத் தலைவர் உட்படப் பலருக்கு வேலை போனது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதை அரசாங்கத்திடம் போய்ச் சொன்னது கம்பெனியேதான். அதே 2013-இல் அமெரிக்காவில் சுவிட்ச் விவகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததும் அதே கம்பெனி. அதனால்தான் 'நல்ல கம்பெனி, கெட்ட கம்பெனி' என்று பட்டியல் கேட்டு எழுதுகிறவர்களுக்கு நான் பதில் போடுவதில்லை. சோதனைக்கூடத்தில் மட்டும் இல்லாமல் ரோட்டில் ஓட்டியும் புகையை அளக்க வேண்டும் என்ற விதி நமக்கு 2023 ஏப்ரலில்தான் வந்தது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பள்ளிக்கு ஒரு கார் கம்பெனி கழிப்பறை கட்டிக் கொடுத்தது. குறையே சொல்கிறீர்களே, இதைப் பாராட்ட மாட்டீர்களா? – செய்யாறு வாசகர்

கழிப்பறை நல்ல விஷயம், தண்ணீர் வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 2013 கம்பெனிச் சட்டப்படி, குறிப்பிட்ட அளவைத் தாண்டிய நிறுவனங்கள் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தை இப்படிச் செலவழிக்க வேண்டும். வழக்கமான தொழில் செலவை அந்தக் கணக்கில் காட்ட முடியாது. ஆக, நல்ல பிரேக் போடுவது அதில் வராது. நான் பார்ப்பது மீதி 98-ஐ எப்படிச் சம்பாதித்தார்கள் என்று.

கேள்வி: விளம்பரத்தில் சொன்ன மைலேஜ் கிடைக்கவே இல்லை. இதுவும் மோசடிதானே? – மதுரை வாசகர்

இல்லை. சோதனைக்கூடத்தில் உருளை மேல் ஓட்டி எடுத்த எண் அது. கோரிப்பாளையம் சிக்னலில் எடுத்தது அல்ல.

கேள்வி: விபத்துச் சோதனையில் 'ஜீரோ ஸ்டார்' வாங்கிய கார்களை விற்றது சட்டப்படி சரிதானே? – வேலூர் வாசகர்

சட்டப்படி சரி. ஓட்டுநருக்கு ஒரு ஏர்பேக் என்பதே இங்கு 2019 ஜூலையில்தான் கட்டாயமானது. கார்களை மோதவிட்டுப் பாதுகாப்புக்கு ஸ்டார் போடுகிற குளோபல் என்கேப் அமைப்பு 2014-இல் டட்சன் 'கோ' காரை மோதிப் பார்த்து ஜீரோ கொடுத்தது. 2016-இல் ரெனோ க்விட்டுக்கும் அதே கதி. இரண்டும் நம் ஒரகடத்தில் தயாரானவை. சட்டத்தில் உள்ளதைச் செய்திருக்கிறோம் என்று பதில் வந்தது.

க்விட்டைப் பற்றித்தான் எனக்கு ஆத்திரம். அடுத்த வருடம் அதே கார் பிரேசிலுக்குப் போனபோது பாடியை வலுவாக்கி, நான்கு ஏர்பேக்கோடு விற்றார்கள். எப்படிச் செய்வது என்று தெரியாமல் இல்லை. இங்கே விலை நாலு காசு ஏறினால் விற்காது என்று கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கு தப்பும் இல்லை. அதற்காக, வாங்குகிறவனுக்குத் தெரியாத ஒரு விஷயத்தில் அவன் தலையில் கை வைப்பதா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் வாங்கிய காருக்கு ஏர்பேக் ரீகால் என்று நண்பர் சொல்கிறார். எனக்குக் கடிதம் வரவில்லை. சர்வீஸ் சென்டரில் "அவசரமில்லை" என்கிறார்கள். – நாகப்பட்டினம் வாசகர்

அவசரம். கடிதம் முதல் ஓனர் விலாசத்துக்குப் போயிருக்கும். அது ஜப்பானின் டகாட்டா நிறுவனம் செய்த ஏர்பேக்காக இருந்தால் தள்ளிப்போடவே கூடாது. அதற்குள் இருக்கும் அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரக் காற்றிலும் வருடக்கணக்கில் கெட்டுப்போய், விரிகிற நேரத்தில் உலோகக் கூட்டையே உடைத்துத் துண்டுகளை முகத்தில் அடிக்கும். மலேசியாவில் இதனால் உயிர் போயிருக்கிறது. உங்கள் கடற்கரைக் காற்றும் அந்த ரகம்தான். சோதனை முடிவுகளைத் திருத்திக் காட்டிய அந்த நிறுவனம் 2017-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதே வருடம் திவாலானது.

ஆர்சி புத்தகத்தில் உள்ள சேஸிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தில் ரீகால் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். உங்கள் வண்டி பட்டியலில் இருந்தால் மாற்றித் தருவது இலவசம், எத்தனையாவது ஓனர் என்பது கணக்கில்லை. போகும்போது அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு போங்கள். ஜாப் கார்டில் 'ஜெனரல் செக்கப்' என்று எழுத விடாதீர்கள். ரீகால் என்றும், எந்தப் பாகம் மாற்றினார்கள் என்றும், புதிய பாகத்தின் நம்பரையும் எழுதி வாங்குங்கள்.