ஸ்டாம்ப்பை வெட்டினால் வீணாகுமா?

கேள்வி: என்னிடம் மரக்கட்டையில் ஒட்டிய பெரிய ரப்பர் ஸ்டாம்ப் இருக்கிறது. மலை ரயில், யூகலிப்டஸ் மரம், குறிஞ்சிப்பூ மூன்றும் ஒரே படத்தில். வாழ்த்து அட்டைக்குப் பூ மட்டும் வேண்டும். வெட்டலாமா?
- வாசகி, கோத்தகிரி

பதில்: தாராளமாக வெட்டுங்கள் அம்மா. ஆனால் முதலில் ரப்பரைக் கட்டையிலிருந்து கழற்ற வேண்டும். நம் மலைக் குளிரில் பசை இறுகிக் கிடக்கும். குன்னூரில் ஒரு டிசம்பர் காலையில் அவசரமாகப் பிய்த்து, என் வரையாடு ஸ்டாம்ப்பில் கொம்பைக் கிழித்துவிட்டேன். இன்றும் மனசு ஆறவில்லை. ஹேர் டிரையரால் சூடு காட்டி, ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள்.

வெட்டும்போது கத்தரிக்கோல் நேராக இருக்கட்டும். உள்பக்கம் சாய்ந்தால் இதழ் ஓரத்துக்கு அடியில் ரப்பர் இருக்காது. அழுத்தினால் அந்த இடம் மடங்கி மங்கலாக விழும். பூவைச் சுற்றி ஒரு மில்லிமீட்டர் விட்டால் போதும். நிறைய விட்டால் அந்த விளிம்பிலும் மை ஒட்டி அட்டையில் கறையாகும். முனை மழுங்கிய கத்தரி வேண்டவே வேண்டாம்.

அப்புறம், கனமான அக்ரிலிக் கட்டை ஒன்று வாங்கி, இரட்டைப் பக்க டேப்பால் ஒட்டுங்கள். ரப்பருக்கு அடியிலிருந்த மெத்தை பிய்ந்திருந்தால், ரப்பருக்கும் கட்டைக்கும் நடுவில் மெல்லிய ஃபோம் ஷீட் வையுங்கள், மை சீராக விழும். கட்டை கண்ணாடிபோல் இருப்பதால் பூ எங்கே பதியும் என்று பார்த்தே அழுத்தலாம். ரயிலையும் மரத்தையும் தனித்தனியாக வெட்டி வையுங்கள். அதே கட்டையில் மாற்றி மாற்றி ஒட்டலாம்.