விதைக்கு ஏற்ற மண்

கேள்வி: மார்பகப் புற்றுநோய் ஏன் எலும்பைத் தேடிப் போகிறது?

பதில்: இந்தக் கேள்விக்கு அடிப்படை போட்டவர் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜெட். மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பிரேதப் பரிசோதனைக் குறிப்புகளைத் திரட்டி, 1889-ல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். கல்லீரலில் பரவியிருந்தது 241 பேருக்கு. மண்ணீரலில் 17 பேருக்குத்தான். மண்ணீரலுக்கும் ரத்தம் தாராளமாகப் போகிறதே, பிறகு ஏன் இத்தனை வித்தியாசம்? விதை எங்கும் பறக்கும், ஏற்ற மண்ணில் விழுந்தால்தான் முளைக்கும் என்றார் பேஜெட்.

வெகுகாலம் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1970-ல் புற்றுநோய் ஆய்வாளர் ஐசையா ஃபிட்லர், கதிரியக்க அடையாளமிட்ட புற்றுசெல்களை எலியின் ரத்தத்தில் செலுத்திப் பார்த்தார். 24 மணி நேரம் கழித்து உயிரோடு இருந்தவை 0.1 சதவீதம்கூட இல்லை. ரத்தத்தில் கலப்பது ஒன்று, வேர் பிடிப்பது வேறு.

எலும்பு எப்படி நல்ல மண்ணாகிறது? அங்கே ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற செல்கள் பழைய எலும்பை அமிலத்தால் கரைத்துக்கொண்டே இருக்கும். குடியேறிய புற்றுசெல் பி.டி.எச்.ஆர்.பி. என்ற புரதத்தைச் சுரந்து அவற்றை முடுக்கிவிடும். எலும்பு கரையக் கரைய, அதில் புதைந்திருந்த டி.ஜி.எஃப்.-பீட்டா போன்ற வளர்ச்சிப் பொருள்கள் வெளியேறிப் புற்றுக்கே தீனியாகும். தீனி கிடைத்த புற்று இன்னும் சுரக்கும். இந்தச் சுழலை அறுப்பதுதான் சிகிச்சையின் குறி.

கேள்வி: அப்படியானால் அது எலும்புப் புற்றுநோயா?

பதில்: இல்லை. எலும்பில் இருப்பதும் மார்பகச் செல்தான்; மருந்தும் அதற்கானதே. ஆனால் எந்த மருந்து கேட்கும் என்று காட்டும் ஹார்மோன் ஏற்பியும் (ஹார்மோன் ஒட்டிக்கொள்ளும் செல் புரதம்) ஹெர்-2 (செல்லை வளரத் தூண்டும் புரதம்) நிலையும் மாறியிருக்கலாம். முடிந்தால் அங்கிருந்தும் திசு எடுத்துப் பார்ப்பது நல்லது.

கேள்வி: அம்மாவுக்கு முதுகெலும்பில் பரவிவிட்டது. சொலெட்ரோனிக் அமில ஊசி போடச் சொல்கிறார்கள். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்: எலும்பைக் கரைக்கும் செல்களை முடக்கும் மருந்து இது. முதலில் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பிடுங்க வேண்டிய பல் இருந்தால் பிடுங்கி, ஈறு ஆறிய பிறகே ஊசி. இடையில் பல் எடுத்தால் புண் ஆறாமல் தாடை எலும்பே வெளியே தெரியும் நிலை வரலாம். வழக்கமான அளவு 4 மில்லிகிராம். 15 நிமிடத்துக்குக் குறையாமல் ஏற வேண்டும், அவசரப்படுத்தினால் சிறுநீரகம் கெடலாம். ஒவ்வொரு முறையும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவை ரத்தத்தில் பார்த்த பிறகே போட வேண்டும். ரத்தத்தில் கால்சியம் குறையும் என்பதால் கால்சியம், வைட்டமின் டி மாத்திரையை நிறுத்தக் கூடாது. முதல் ஊசிக்குப் பின் ஓரிரு நாள் காய்ச்சல், உடம்புவலி வந்தால் பயப்பட வேண்டாம்.

காலில் பலம் குறைந்தாலோ, மரத்துப்போனாலோ, சிறுநீர் பிரியாமல் நின்றாலோ தண்டுவடம் நசுங்குவதன் அறிகுறியாக இருக்கலாம். விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். அன்றைக்கே, இரவானாலும், மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள்.