கிரெய்ல் வீடும் 350 பவுண்டு புரோக்கரும்

கேள்வி: நாங்கள் டண்டீயில் வேலை பார்க்கிறோம். ஸ்காட்லாந்தின் ஃபைஃப் கடற்கரையில், கிரெய்ல் என்ற சின்ன ஊரில் பழைய கல்வீடு வாங்கியிருக்கிறோம். அதில் முன்பு யார் யார் இருந்தார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை. "1975-ல் நகரசபையைக் கலைத்தபோது ஏடுகள் சிதறிவிட்டன, 350 பவுண்டு கொடுத்தால் திரட்டித் தருகிறேன்" என்கிறார் ஒருவர். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை, அதுதான் ஆபத்து.

கலைத்தது நிஜம். 1310-ல் ஸ்காட்லாந்து மன்னர் ராபர்ட் புரூஸ் கொடுத்த சாசனத்தால் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை உரிமைகூடப் பெற்றிருந்த ஊர், 1975 மே மாதத்தோடு சொந்த நகரசபையை இழந்தது. ஆனால் ஏடுகள் எங்கும் சிதறவில்லை. உங்கள் வீட்டிலிருந்து சுமார் 16 கிலோமீட்டரில், செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழக நூலகத்தின் சிறப்புத் தொகுப்பில் இருக்கின்றன. பொறுப்பு எடின்பரோவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு, அலமாரி பல்கலைக்கழகத்துக்கு. இதைத் தங்கள் இணையதளத்தின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போட்டிருந்தால் பாதிப் புரோக்கர்கள் வேறு தொழில் தேடியிருப்பார்கள். போடமாட்டார்கள்.

நீங்கள் தொடங்க வேண்டியது மதிப்பீட்டுப் பட்டியலில். 1855 முதல் ஆண்டுதோறும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரிமையாளர், வாடகைதாரர், குடியிருப்பவர், ஆண்டு மதிப்பு என்று எழுதி வைத்தார்கள். ஸ்காட்லாண்ட்ஸ்பீப்பிள் இணையதளத்தில் 1855, 1865 என்று பத்தாண்டுக்கு ஒன்றாக 1915 வரையும், பிறகு ஐந்தாண்டுக்கு ஒன்றாக 1940 வரையும் கிடைக்கும். பெயர் தேடுவது இலவசம், பக்கத்தைப் பார்க்கத்தான் காசு. உங்களுக்கு வேண்டியதில் முக்கால்வாசி இதிலேயே முடிந்துவிடும்.

அதற்கும் முந்தைய காலத்துக்குப் பத்திரப் பதிவேடு வேண்டும். அதன் பெயர் சேஸின். இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள், அதனால் பொறுமையாகக் கேளுங்கள். நாடு முழுதுக்குமான பதிவேடு 1617-ல் தொடங்கியது. ஆனால் ராயல் பரோ, அதாவது கிரெய்ல் போல மன்னரின் சாசனம் பெற்ற ஊர்களுக்கு, 1681 முதல் தனிப் பதிவேடு. ஆகவே பொதுப் பதிவேட்டில் உங்கள் வீடு இல்லையென்றால் பத்திரமே இல்லை என்று அர்த்தமில்லை. ஊர்ப் பதிவேட்டில் பாருங்கள். இதிலும் ஒரு சிக்கல்: ஊர் எல்லைக்குள் இருந்தாலே போதாது. நகர உரிமை நிலமாக, அதாவது ராயல் பரோவுக்கே உரிய முறையில் வைத்திருந்த நிலமாக இருந்தால்தான் ஊர்ப் பதிவேடு. அதே தெருவில் வேறு வகை உரிமையில் இருந்த பக்கத்து வீடு பொதுப் பதிவேட்டில் இருக்கலாம். இரண்டையும் தேடித்தான் ஆக வேண்டும். 1926-க்குப் பிறகு ஊர்ப் பதிவேடுகளை ஒவ்வொன்றாக மூடி, 1963-ல் முழுக்க முடித்தார்கள். அவை பெரும்பாலும் எடின்பரோவில். ஆமாம், நகரசபைத் தீர்மானங்கள் ஓரிடம், பத்திரம் இன்னோரிடம். யார் யோசித்தார்களோ!

நகரசபைத் தீர்மானப் புத்தகத்தில் உங்கள் வீட்டுக் கதை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். துறைமுகச் சுவர், சந்தை வரி, அபராதம் இவைதான் அதிகம். 1707-க்கு முன் "பவுண்டு" என்று கண்டால் ஸ்காட்டிஷ் பவுண்டாக இருக்கலாம். கடைசியாக இருந்த மாற்று விகிதப்படி பன்னிரண்டு சேர்ந்தால்தான் ஓர் ஆங்கிலப் பவுண்டு. இதைப் பார்த்துவிட்டு "என் வீட்டில் பெரும் பணக்காரர் இருந்தார்" என்று எனக்கு எழுதுபவர்கள் உண்டு.

ஒரு வாசகர் கொண்டுவந்த "பரம்பரை நகரவாசிச் சான்றிதழ்" எனக்கு மறக்காது. ஓரம் கருகிய தாள், சிவப்பு அரக்கு. வெளிச்சத்தில் பிடித்தால் லேசர் பிரிண்டரின் புள்ளிகள் தெரிந்தன. அதற்கு அவர் கொடுத்தது 200 பவுண்டு.

நூலகத்துக்கு முன்கூட்டி மின்னஞ்சல் அனுப்புங்கள்: தெருப் பெயர், விற்றவர் தந்த பழைய பத்திரத்தின் நகல், வேண்டிய ஆண்டுகள். போகும்போது பென்சில் எடுத்துப் போங்கள், பேனாவை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள்.