தண்டாகிச் சாகும் அமீபாக்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மண்ணில் தனித்தனியாக வாழ்ந்து, பசி வந்ததும் ஒன்று கூடும் அமீபாக்களைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: மூளையே இல்லாத ஒரு செல், மற்ற செல்களுக்காக உயிரை விடுகிறது என்பதை எப்படி நம்புவது?

யோசித்து விடுவதில்லை. டிக்டியோஸ்டீலியம் டிஸ்காய்டியம் என்ற இந்த அமீபா மண்ணில் பாக்டீரியாவைத் தின்று, இரண்டிரண்டாகப் பிரிந்து பெருகுகிறது. இரை தீர்ந்ததும் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற வேதிப்பொருளை வெளியே விடுகிறது. பக்கத்துச் செல்கள் அதை உணர்ந்து அந்தத் திசையில் நகர்கின்றன, தாங்களும் அதையே வெளியிடுகின்றன. இப்படிப் பல்லாயிரம் செல்கள் சேர்ந்து, சில மில்லிமீட்டர் நீளமுள்ள புழு மாதிரி வெளிச்சத்தை நோக்கி ஊர்கின்றன. தோதான இடத்தில் நின்றதும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செல்கள் இறந்து தண்டாகின்றன. மீதி, தண்டின் உச்சியில் வித்துகளாகி (ஸ்போர்) வேறிடம் போகக் காத்திருக்கின்றன.

யார் தண்டு, யார் வித்து என்பதில் செல்லின் அப்போதைய நிலைக்குப் பங்கு உண்டு. சர்க்கரை கிடைக்காமல் வளர்ந்த செல்களையும் சர்க்கரையில் வளர்ந்தவற்றையும் கலந்து வைத்தால், பட்டினி கிடந்தவைதான் தண்டுப் பக்கம் அதிகம் போகின்றன. இந்தப் பழக்கம் ஏன் அழியாமல் நிற்கிறது என்று புரிந்துகொள்ள, உறவினருக்கு உதவுவது எப்போது லாபம் என்று பரிணாம உயிரியலாளர் ஹாமில்டன் 1964-இல் எழுதிய கணக்கு உதவும். சாகிற செல்லும் பிழைக்கிற செல்லும் ஒரே தாய்ச்செல்லிலிருந்து பிரிந்தவை என்றால், செத்ததன் மரபணுக்கள் முழுசாக வித்துகளுக்குள் பத்திரமாக இருக்கின்றன.

கேள்வி: அப்படியானால் தண்டாக மாறாமல் நழுவுகிற ஒரு செல் தோன்றினால் அதுதானே பெருகும்? கூட்டம் எப்படி உடையாமல் இருக்கிறது?

இந்தத் துறையின் மையமான கேள்வியே இதுதான். நழுவுகிறவை உண்மையில் தோன்றுகின்றன. 2000-இல் விவரிக்கப்பட்ட ஒரு பிறழ்வுச் செல், சாதாரணச் செல்களோடு கலந்தால் தன் பங்குக்கு மேல் வித்துகளாகிவிடும், ஆனால் தன் இனத்தோடு மட்டும் விட்டால் வித்தே சரியாகப் பிடிக்காது. ஆக, அது பெருகப் பெருகத் தன்னைப் போன்றவற்றோடுதான் அதிகம் மாட்டிக்கொள்ளும். 2011-இல் இதைப் பரிணாமச் சோதனையாகவே செய்து பார்த்தார்கள். செல்களை ஒவ்வொரு சுற்றிலும் கலந்துவிட்டு உறவைக் குறைத்தபோது, கூட்டு உடலையே கெடுக்கக்கூடிய ஏமாற்றுச் செல்கள் தலைதூக்கின. உறவு நெருக்கமாக இருந்தால் அவை பரவ வழியில்லை என்றும் அதே ஆய்வு காட்டியது.

உறவு மட்டுமே காவல் என்று நினைக்க வேண்டாம், எனக்கு மிகவும் பிடித்த காவல் வேறொன்று. டிம்ஏ என்ற மரபணு பழுதானால் "தண்டாகு" என்ற சமிக்ஞை செல்லுக்குக் கேட்காது, எனவே அது சாவிலிருந்து தப்பித்துவிடும் என்றுதான் எதிர்பார்ப்போம். ஆனால் மற்றவற்றோடு கலந்திருக்கும்போது அதே பழுது அந்தச் செல்லை வித்துக் கூட்டத்திலிருந்தும் வெளியே தள்ளிவிடுகிறது (இது 2004-இல் வந்த ஆய்வு). கடமையும் பலனும் ஒரே மரபணுவில் பிணைந்திருப்பதால், ஒன்றை விட்டுவிட்டு மற்றதை மட்டும் எடுத்துக்கொள்ள முடிவதில்லை. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் புரதங்களை வைத்து உறவுச் செல்லை அடையாளம் காணும் ஏற்பாடும் தனியாக உண்டு.

கேள்வி: நம்ம ஊர் மண்ணில் இது இருக்கிறதா?

இதே இனமா என்று தேடுவதைவிட இதன் நெருங்கிய சொந்தங்களைப் பார்க்கலாம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் வித்யானந்த் நஞ்சுண்டையா குழு, முதுமலைக் காட்டு மண்ணிலும் பெரிய பாலூட்டிகளின் சாணத்திலும் இவற்றைச் சேகரித்து 2010-இல் முடிவுகளை வெளியிட்டது. விலங்குகளின் சாணம் வழியாக இவை தூர தூரத்துக்குப் பரவுகின்றன. விரிவாக ஆராய்ந்த இரண்டு இனங்களிலும் பெரும்பாலான கூட்டங்கள் ஒரே வம்சமாக இல்லை, பல வம்சங்கள் கலந்திருந்தன! டிஸ்காய்டியத்திலோ, காட்டில் எடுத்த கூட்டங்களுக்குள் உறவு மிக நெருக்கம் என்று 2007-இல் ஒரு அமெரிக்க ஆய்வு கண்டிருந்தது. "சொந்தக்காரர்கள் என்பதால் ஒத்துழைக்கிறார்கள்" என்பதோடு கதை முடிந்தது என்று யாராவது சொன்னால், முதுமலை முடிவுகளை அவர்களிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஜப்பானில் புதிர்ப்பாதையில் வழி கண்டுபிடித்த மஞ்சள் பூஞ்சை இதுதானா?

இல்லை. 2000-இல் வந்த அந்தச் சோதனையில் இருந்தது ஃபைசாரம். அது பல உட்கருக்கள் கொண்ட ஒரே பெரிய செல், பல செல்கள் கூடிய கூட்டம் அல்ல. இரண்டுமே பூஞ்சையும் அல்ல.

கேள்வி: ஏமாற்றும் நுண்ணுயிர் மறுபடி ஒத்துழைக்க ஆரம்பித்த கதை உண்டா?

உண்டு. மிக்சோகாக்கஸ் ஜாந்தஸ் என்ற மண் பாக்டீரியாவும் பசியில் கூடி வித்துமேடு கட்டும். ஏமாற்றும் வகை ஒன்று கூட்டத்துக்குள் பெருகிப் பெருகிக் கூட்டத்தையே சரித்துவிட்டது. அந்த ஏமாற்று வம்சத்திலிருந்தே, ஒரே ஒரு மரபணுப் பிறழ்வால், நன்றாக வித்து கட்டும் புதிய வகை எழுந்து வந்தது. 2006-இல் வெளியானது.

கேள்வி: இதனால் மருத்துவத்துக்குப் பயன் உண்டா? நோய்க்கிருமிக் கூட்டத்துக்குள் ஏமாற்றுகிறவற்றை விட்டால் போதாதா?

யோசனையாக இருக்கிறது, ஆனால் இப்போதைக்கு அவசரப்படக்கூடாது என்பது என் கருத்து. சூடோமோனாஸ் ஏருஜினோசா என்ற நோய்க்கிருமி பாக்டீரியா, இரும்பைப் பிடித்து வர பயோவெர்டின் என்ற பொருளை வெளியே விடுகிறது. அதைச் செய்யாதவையும் பக்கத்தில் நின்று இரும்பை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் (நுரையீரலில் கெட்டிச் சளி தேங்கும் பரம்பரை நோய்) நோயாளிகளின் நுரையீரலில், இந்தக் கிருமிகள் ஒன்றுக்கொன்று அனுப்பும் கூட்டச் சமிக்ஞைக்குப் பதில் தராத பிறழ்வுகள் தாமாகவே அடிக்கடி தோன்றுகின்றன, நோயோ தீர்ந்துவிடுவதில்லை. உயிருள்ள கிருமியை நோயாளிக்குள் விடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும்.

கேள்வி: கல்லூரி ஆய்வகத்தில் நாங்களே பார்க்க முடியுமா?

தாராளமாக. சத்துக் குறைவான அகார் தட்டில் இரையாக ஈ.கோலை பாக்டீரியாவைப் பரப்பி, நீரில் கரைத்த காட்டு மண்ணை ஓரிரு துளி விட்டு மூடி வையுங்கள். டிஸ்காய்டியத்துக்கு 22 டிகிரி செல்சியஸ்தான் தோது, நம் கோடையில் ஏ.சி. அறை வேண்டியிருக்கும். பசி தொடங்கியதிலிருந்து தண்டும் வித்தும் நிற்க ஏறத்தாழ ஒரு நாள்தான் ஆகும், எனவே இடையிடையே பார்த்துக்கொண்டே இருங்கள், சாதாரண ஸ்டீரியோ நுண்ணோக்கியே போதும்.