பாரன் சிறுமி கடத்தல்: ஊகங்கள் குறித்த கேள்வி பதில்

2018 அக்டோபர் 15, நள்ளிரவு தாண்டி ஒரு மணியை நெருங்கும் நேரம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பாரன் என்ற சிற்றூருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு வீட்டுக்குள் கதவை உடைத்து நுழைந்தவன், தாய் தந்தை இருவரையும் சுட்டுக் கொன்றுவிட்டு அவர்களுடைய பதின்மூன்று வயது மகளைத் தூக்கிச் சென்றான். எண்பத்தெட்டு நாட்கள் கழித்து, 2019 ஜனவரி 10 அன்று, அந்தச் சிறுமி தானாகவே தப்பி வந்தாள். இடைப்பட்ட நாட்களில் ஊரும் உலகமும் என்னென்ன ஊகித்தன, அவற்றில் எது நின்றது என்பதுதான் இந்த அமர்வின் பொருள். நான் குற்றவியல் வழக்கறிஞர். இந்த வழக்கின் குற்றப் புகார் மனுவை முழுதாகப் படித்திருக்கிறேன். அந்தப் பெண் இப்போது வளர்ந்து தன் வாழ்க்கையைப் பார்த்துக்கொண்டிருப்பதால் அவர் பெயரை எழுதப் போவதில்லை. கேட்பவர்களும் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கேள்வி (தஞ்சாவூர்): வணக்கம் மேடம். பெற்றோர் கொல்லப்பட்டு மகள் மட்டும் காணாமல் போனால் மகள் மீதும் சந்தேகம் வருவது இயல்புதானே? அன்று பலரும் அப்படித்தான் பேசினார்கள்.

பேசினார்கள். அவளுக்கு ஒரு காதலன் இருந்தான், அவன்தான் சுட்டான், இருவரும் சேர்ந்து ஓடிவிட்டார்கள் என்று முகமறியாதவர்கள் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். அந்த மாவட்டக் காவல் தலைவரான ஷெரிஃப் கிறிஸ் ஃபிட்ஸ்ஜெரால்ட் தொடக்கத்திலேயே அவள் சந்தேக நபர் அல்ல என்று வெளிப்படையாகச் சொல்லியும் அந்தப் பேச்சு நிற்கவில்லை.

மனுவில் இருப்பதைச் சொல்கிறேன். நாய் குரைத்ததும் விழித்துக்கொண்ட சிறுமி பெற்றோரை எழுப்பினாள். தந்தை வாசலுக்குப் போனார். தாயும் மகளும் குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, குளியல் தொட்டியில் திரைச்சீலைக்குப் பின்னால் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒளிந்திருந்தார்கள். அங்கிருந்துதான் தாய் தன் கைபேசியில் அமெரிக்காவின் அவசர உதவி எண்ணான 911-ஐ அழைத்தார். எதிர்முனையில் கேட்டது கூச்சல் மட்டும்தான். தாய் தன் கண்முன்னே கொல்லப்பட்டதைப் பார்த்த குழந்தையைத்தான், அவள் கடத்தியவன் வீட்டில் ஒரு கட்டிலுக்கு அடியில் மூச்சை அடக்கிக் கிடந்த வாரங்களில், கொலைக்கு உடந்தை என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். இதைப் படித்த பிறகு இயல்பான சந்தேகம் என்ற சொல்லை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புலனாய்வு அமைப்பு பெயர் சொல்லாத எவர் பெயரையும் நீங்கள் சொல்லாதீர்கள். அப்படியொரு பெயர் வரும் கேள்விகளை வெளியிட மாட்டேன்.

கேள்வி (திருநெல்வேலி): குற்றவாளிக்கு அந்தக் குடும்பத்தை முன்பே தெரியுமா?

தெரியாது. ஜேக் பேட்டர்சன் என்ற அந்த இருபத்தொரு வயது இளைஞன், தான் புதிதாகச் சேர்ந்த பாலாடைக்கட்டித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகும் வழியில், நின்றிருந்த பள்ளிப் பேருந்துக்குப் பின்னால் தன் காரை நிறுத்த நேர்ந்தபோது, அதில் ஏறிய சிறுமியைப் பார்த்தான். அவளைக் கடத்துவது என்று அப்போதே முடிவெடுத்ததாக அவனே வாக்குமூலம் கொடுத்திருக்கிறான். அவள் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. கடத்திய இரவுக்கு முன் இருமுறை அந்த வீடு வரை வந்து, ஆள் நடமாட்டத்தைக் கண்டு திரும்பியிருக்கிறான். பெற்றோர் இருவரும் ஒரு வான்கோழி இறைச்சித் தொழிற்சாலையில் இருபத்தேழு ஆண்டுகள் வேலை பார்த்தவர்கள். இவன் எப்போதோ அதே ஆலையில் ஒரே ஒரு நாள் வேலை செய்தவன் என்றாலும், அதற்கும் குற்றத்துக்கும் தொடர்பில்லை.

ஊகங்கள் அத்தனையும் தவறிய இடம் இதுதான். கடன், போதைப்பொருள், குடும்பப் பகை, இணையக் காதல் என்று மக்கள் தேடியதெல்லாம் ஓர் உறவை, ஒரு காரணத்தை. இவ்வளவு பெரிய கொடுமைக்கு அதற்கு ஈடான காரணம் இருந்தாக வேண்டும் என்று மனம் எதிர்பார்க்கிறது. இங்கே பேருந்து நின்ற அந்தச் சிறு பொழுதைத் தவிர வேறொன்றும் இல்லை.

2005-இல் ஐடஹோ மாநிலத்தின் கோர் டி அலீன் அருகேயும் இதே கதைதான் நடந்தது. மே மாதம் ஒரு வீட்டில் மூவர் கொல்லப்பட்டு ஓர் அண்ணனும் தங்கையும் காணாமல் போனபோது ஊர்ப்பேச்சு போதைப்பொருள் தகராறின் பக்கம் சாய்ந்தது; குடும்பத்துக்குத் தெரிந்த ஒருவரை விசாரணைக்காகத் தேடிய செய்தி எங்கும் பரவி, பிறகு அவருக்குத் தொடர்பில்லை என்று தெரிந்தது. ஏழு வாரம் கழித்து ஓர் உணவகத்தில், அங்கிருந்தவர்கள் சிறுமியை அடையாளம் கண்டு மீட்டார்கள். அண்ணன் உயிரோடு இல்லை. செய்தவன் நெடுஞ்சாலையில் போகும்போது, வெளியே விளையாடிய குழந்தைகளைப் பார்த்த அந்நியன்.

கேள்வி (பெங்களூரு): கொலைகாரன் தப்பிக்கும்போது காவல் வண்டிகள் அவனைக் கடந்து போனதாகப் படித்தேன். இது அப்பட்டமான அலட்சியம் இல்லையா?

கடந்து போனது உண்மை. அழைப்பு வந்து சுமார் நான்கு நிமிடங்களில் காவலர்கள் வந்துவிட்டார்கள். வீட்டைவிட்டுக் கிளம்பி இருபது வினாடிதான் ஆகியிருக்கும், சைரனோடு வந்த வண்டிகளுக்கு ஒதுங்கி வழிவிட்டேன் என்று அவன் சொல்லியிருக்கிறான். சிறுமி அப்போது டிக்கிக்குள் கட்டப்பட்டுக் கிடந்தாள். டிக்கி விளக்கையும், உள்ளே மாட்டிக்கொண்டவர் இழுத்துத் திறப்பதற்கான கயிற்றையும் அவன் முன்கூட்டியே கழற்றியிருந்தான். நம்பர் பிளேட் திருடியது. முடி உதிர்ந்து தடயமாகிவிடக் கூடாது என்று தலையை மழித்திருந்தான். துப்பாக்கியைக்கூட அதிகம் புழங்கும் வகையாகப் பார்த்துத்தான் எடுத்திருந்தான். கூச்சல் கேட்டது என்பதைத் தவிர வேறெதுவும் தெரியாமல் அந்த வீட்டை நோக்கி விரைந்த காவலர், ஒதுங்கி நின்ற காரை நிறுத்திச் சோதிக்கக் காரணம் என்ன இருந்தது? இதை அலட்சியம் என்று சொல்ல மாட்டேன்.

அலட்சியத்தைப் பார்க்க வேண்டுமானால் 1993-க்குப் போக வேண்டும். கலிபோர்னியாவின் பெட்டலூமாவில், தோழிகளோடு வீட்டில் இருந்த பாலி கிளாஸ் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கத்தியோடு வந்தவன் கடத்திப் போனான். அன்றிரவே அவன் கார் ஒரு பள்ளத்தில் சிக்கியது; ஷெரிஃப் அலுவலகத்தின் இரண்டு காவலர்கள் அவனோடு பேசி, காரை மீட்க அவனுக்கு உதவிவிட்டு அவனைப் போகவிட்டார்கள். கடத்தல் செய்தி வேறு வானொலி அலைவரிசையில் போனதால் அவர்கள் காதுக்கு எட்டவில்லை. அந்தச் சிறுமியின் உடல்தான் டிசம்பரில் கிடைத்தது. இது தனிமனிதர் தவறல்ல, ஏற்பாட்டின் தவறு. பொதுமக்கள் கேள்வி கேட்க வேண்டியது இத்தகைய இடங்களில்தான்.

கேள்வி (சேலம்): அம்மா, பொதுமக்கள் ஊகிப்பதை ஒரேயடியாகக் குறை சொல்கிறீர்கள். எண்பத்தெட்டு நாளும் காவல்துறை கண்டுபிடிக்கவில்லை. கடைசியில் அவளை அடையாளம் கண்டது பொதுமக்கள்தானே?

பொதுமக்கள்தான். அதை எந்தக் கூட்டத்திலும் உரக்கச் சொல்வேன். பாரனிலிருந்து வடக்கே நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், கோர்டன் என்ற ஊருக்கு அருகே, அளவுக்குப் பெரிய காலணிகளோடு பனிக்காலத்தில் நடந்து வந்த சிறுமியை முதலில் பார்த்தவர், நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு பெண்மணி. அவர் அவளை அழைத்துச் சென்ற வீட்டில் இருந்தவர்கள் கண்டவுடனே யாரென்று தெரிந்துகொண்டார்கள், ஏனென்றால் அந்த முகத்தை எங்கும் பார்த்திருந்தார்கள். சில நிமிடங்களில் அவனும் கைதானான்.

பொதுமக்கள் அங்கே பயன்படுத்தியது முகத்தை, கதையை அல்ல. முகத்தைப் பரப்பியவர்கள் அவளை வீடு சேர்த்தார்கள். குற்றவாளி யார் என்று ஊகித்தவர்கள் எண்பத்தெட்டு நாளில் ஒருமுறைகூட அவனை நெருங்கவில்லை.

கேள்வி (சேலம், மீண்டும்): நெருங்கவில்லை என்பது நடந்த பிறகு சொல்வது. ஆயிரம் ஊகத்தில் ஒன்று சரியாக இருந்துவிட்டால் ஓர் உயிர் மிஞ்சுமே!

அந்த ஒன்றைக் காவல்துறையின் துப்பு எண்ணுக்குச் சொல்லுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். இந்த வழக்கில் ஆயிரக்கணக்கில் துப்புகள் வந்தன. கேட்டுக்கொண்டபடி சுமார் 2,000 தன்னார்வலர்கள் வயலிலும் புதரிலும் இறங்கித் தேடினார்கள். பாரனின் மக்கள்தொகையே மூவாயிரத்துச் சொச்சம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். அதெல்லாம் தேவையான உழைப்பு. ஆனால் ஒரு துப்பைத் தொலைபேசியில் சொன்னால் அதைச் சரிபார்க்க ஓர் ஆள் இருக்கிறார். அதையே ஊரறிய எழுதினால் சரிபார்ப்பவர் எவரும் இல்லை. தண்டனை மட்டும் உடனே தொடங்கிவிடுகிறது.

கேள்வி (கனடா): நான் சேலம் நண்பர் பக்கம். எலிசபெத் ஸ்மார்ட் வழக்கில் காவல்துறை தவறான ஆளைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. குடும்பம் பொதுவெளிக்கு வந்ததால்தான் அவர் கிடைத்தார்.

இன்று வந்தவற்றில் சிறந்த வாதம் இது, ஆகவே நின்று பதில் சொல்கிறேன். 2002 ஜூனில் சால்ட் லேக் சிட்டியில், பதினான்கு வயது எலிசபெத்தைப் படுக்கையறையிலிருந்து கத்திமுனையில் ஒருவன் கடத்தினான். அதே அறையில் படுத்திருந்த தங்கை மட்டுமே சாட்சி. சில மாதங்களுக்குப் பிறகு, கடத்தியவனின் குரல் தங்கள் வீட்டில் ஒருநாள் வேலை செய்தவனுடையது என்று அவளுக்கு நினைவு வந்தது. அவனுடைய உருவப்படத்தை வெளியிடக் காவல்துறை தயங்கியது. குடும்பம் 2003 பிப்ரவரியில் வெளியிட்டது. மார்ச் 12 அன்று பொதுமக்கள் அவனை அடையாளம் கண்டு சொல்ல, எலிசபெத் உயிரோடு மீட்கப்பட்டார். நீங்கள் சொன்னது சரி.

ஆனால் குடும்பம் வெளியிட்டது ஊகத்தை அல்ல, கண்ணால் கண்டவளின் சாட்சியத்தை. அதே வழக்கில் ஊகத்துக்கு இரையானவர் ஒருவரும் உண்டு. அந்த வீட்டில் முன்பு வேலை செய்த வேறொருவர், பழைய குற்றப் பின்னணி இருந்ததால் நாடறிந்த சந்தேக நபரானார். தான் செய்யவில்லை என்று சொல்லியபடியே இருந்து, 2002 ஆகஸ்டில் மூளையில் இரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தார். எலிசபெத் மீண்டு வந்து, குற்றம் செய்தவன் வேறொருவன் என்று உலகுக்குத் தெரிந்த நாளில் அவர் இல்லை. அந்தச் சந்தேகத்தை வளர்த்ததில் காவல்துறைக்கும் ஊடகத்துக்கும் பங்குண்டு என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஊகம் சீருடை அணிந்துவிட்டால் சாட்சியமாகிவிடாது.

கேள்வி (சேலம்): சாட்சியம் வேறு, ஊகம் வேறு என்பதை ஏற்கிறேன். ஆனால் எது எது என்று சாதாரண மனிதனுக்கு எப்படித் தெரியும்?

நீங்கள் பார்த்ததா, கேட்டதா, அல்லது இருக்கலாம் என்று நினைத்ததா என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். முதலிரண்டைக் காவல்துறையிடம் சொல்லுங்கள். மூன்றாவதில் ஒரு பெயர் இருந்தால் அதை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (மதுரை): மயாமியில் அவளைக் கண்டதாகச் செய்தி வந்ததே? தேடப்பட்ட கார்கள் என்னவாயின?

மயாமியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் கண்டதாக வந்த தகவல் நம்பத்தக்கதல்ல என்று காவல்துறையே விரைவில் சொல்லிவிட்டது. கண்காணிப்புப் படக்கருவியில் பதிந்த டாட்ஜ் சேலஞ்சர் உள்ளிட்ட இரண்டு வண்டிகளைத் தேடச் சொல்லிக் காவல்துறை அறிவித்தது. அவன் ஓட்டியது ஃபோர்டு டாரஸ்.

கேள்வி (ஈரோடு): அவனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் இணையத்தில் பழக்கம் இருந்ததாமே?

இல்லை. திருநெல்வேலி வாசகருக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

கேள்வி (திருச்சி): பெற்றோரின் இறுதிச்சடங்கு நாளில் அந்த வீட்டில் ஒருவர் பிடிபட்டாரே, அவருடைய பங்கு என்ன?

திருட்டுக்காகக் கைதானார். கடத்தலில் அவருக்குத் தொடர்பில்லை என்று காவல்துறை அறிவித்தது. அவர் பெயரோடு வந்த மூன்று கேள்விகளை நான் வெளியிடவில்லை.

கேள்வி (கோவை): எண்பத்தெட்டு நாள் ஏன் அவள் ஓடவில்லை?

இதே கேள்வி இன்று பலமுறை, சில நேரம் குற்றஞ்சாட்டும் தொனியில் வந்திருக்கிறது. ஒருமுறை மட்டும் பதில் சொல்கிறேன். தன் வீட்டுக்கு ஆள் வரும்போதும் தான் வெளியே போகும்போதும் அவன் அவளைக் கட்டிலுக்கு அடியில் தள்ளி, சுற்றிலும் பிளாஸ்டிக் பெட்டிகளை அடுக்கி, நகர்த்த முடியாதபடி எடைக்கற்களை முட்டுக் கொடுத்துவிடுவான். பெட்டி அசைந்தால் தெரிந்துவிடும் என்று மிரட்டினான். சோறும் தண்ணீரும் கழிவறையும் இல்லாமல் சில நேரம் பன்னிரண்டு மணி நேரம் வரை அங்கே கிடந்தாள். ஐந்தாறு மணி நேரம் வெளியே போவதாக அவன் சொன்ன அன்று, அந்தப் பெட்டிகளையும் எடைகளையும் தள்ளிவிட்டு, அவன் காலணியை மாட்டிக்கொண்டு வெளியேறினாள். அவளை மீட்டது அவளேதான். அவள் ஏன் ஓடவில்லை என்று இனி யாரும் இங்கே கேட்க வேண்டாம்.

கேள்வி (நாகர்கோவில்): இப்படி அந்நியர் கடத்துவது அங்கே அடிக்கடி நடப்பதா?

அரிது. அமெரிக்க நீதித்துறைக்காக நடத்தப்பட்ட ஆய்வுகள், அந்நியரோ சற்றே அறிமுகமானவரோ செய்யும் இவ்வகைக் கடுங்கடத்தல்களை ஆண்டுக்கு நூறையொட்டி மதிப்பிடுகின்றன. கடத்தப்படும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோரைக் கொண்டுபோவது குடும்பத்தினர்தான். மக்கள் முதலில் குடும்பத்தைச் சந்தேகிக்க இந்தக் கணக்கும் ஒரு காரணம். கணக்கு பொதுவாகச் சரி என்பதால் ஒரு தனி வீட்டின் மீது அதைச் சுமத்த முடியாது.

கேள்வி (விழுப்புரம்): எங்கள் பகுதியில் ஒரு குழந்தையைக் காணவில்லை என்று செய்தி சுற்றுகிறது. பகிரலாமா?

முதலில் 1098 அல்லது 112-ஐ அழைத்து உறுதிசெய்யுங்கள். உறுதியானால் படத்தையும் தொடர்பு எண்ணையும் மட்டும் பகிருங்கள். கடத்தியவர் என்று எவருடைய படமும் சேர்ந்து வந்தால் பகிராதீர்கள்.

கேள்வி (சென்னை): அவனுக்கும் அவளுக்கும் முன்பே…

மீண்டும் அதே கேள்வி. இதற்கு இன்று இனிப் பதில் இல்லை.

கேள்வி (புதுச்சேரி): தண்டனை என்ன ஆனது? பரிசுத்தொகை யாருக்குப் போனது?

2019 மார்ச்சில் அவன் குற்றத்தை ஒப்புக்கொண்டான்; அதனால் அவள் சாட்சிக் கூண்டில் ஏற வேண்டிய நிலை வரவில்லை. மே 24 அன்று, பரோலுக்கு வழியில்லாத இரண்டு ஆயுள் தண்டனைகளும், கடத்தலுக்குத் தனியாக நாற்பது ஆண்டுகளும் விதிக்கப்பட்டன. அறிவிக்கப்பட்ட பரிசு 50,000 டாலர். அதில் பாதி அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அறிவித்தது, மறுபாதி பெற்றோர் வேலை பார்த்த நிறுவனம் அறிவித்தது. தன்னைத் தானே மீட்டுக்கொண்டவள் அவள்தான் என்பதால், தன் பங்கான 25,000 டாலரை அந்த நிறுவனம் அந்தச் சிறுமிக்கே கொடுத்தது.